வடக்குப் பார்த்த வெயில்

பத்திர ஆபீஸில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவனுக்குப் பென்ஷன் வரும், பேச்சுத்துணை வராது. வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பவர் ரத்து என்று நான் வாயைத் திறந்தாலே வீட்டில் மிக்ஸி ஓடத் தொடங்கிவிடும். இந்த நிலைமையில்தான் கலிஃபோர்னியாவில் இருக்கும் என் மைத்துனர் மகன் போனில் ஒரு யோசனை சொன்னான்.

"இங்கே வீடு, மனை விக்கிற ஏஜென்ட்டுங்க நாலு வருஷத்துக்கு ஒருதரம் 45 மணி நேரம் படிச்சுக் காட்டினாத்தான் லைசென்ஸைப் புதுப்பிப்பாங்க மாமா. பாடம் எடுக்கிற ஒருத்தர் எனக்குத் தெரிஞ்சவர். கடலோர ரோட்டிலேயே கார்ல போறார். ஊருக்கு ஊர் தங்கல். காலையில கிளாஸ், சாயங்காலம் ஊர் சுத்தல். பெட்ரோல் காசை கிளாஸே கொடுத்துடுது. நீங்களும் அத்தையைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பலாமே!"

அவருக்குப் பசிபிக் சமுத்திரம் வாய்த்தது. எனக்கு வாய்த்தது அருப்புக்கோட்டை.

அந்த வட்டாரத்து ஏஜென்ட்டுகள் சிலர் சேர்ந்து, ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தைப் பற்றி ஒரு நாள் வகுப்பு எடுக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். மாதம் பங்குனி. சுற்றுலா என்று சொன்னதும் மனைவி ஸ்வெட்டரைத் தேடினாள். ஊர்ப் பெயரைச் சொன்னதும் ஸ்வெட்டரை உள்ளே வைத்துவிட்டுக் குடையை எடுத்தாள்.

"அங்க பாக்க என்னங்க இருக்கு?"

"வானம். அவ்வளவு பெரிய வானம் நம்ம தெருவுல கிடையாது."

மதுரையை விட்டுத் தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் ஏறினால் அருப்புக்கோட்டை சுமார் 50 கிலோமீட்டர். காரியாபட்டியைத் தாண்டியதும் பார்வையை மறிக்க ஒன்றுமில்லை. வெள்ளாமை எடுத்து முடிந்த நிலம். தட்டையைக்கூட ஆடுகள் விட்டுவைக்கவில்லை. மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தனித்தனியாகப் பனைகள். பலகை வைத்திருப்பதால் மட்டுமே கண்மாய் என்று தெரிகிற பள்ளங்கள். உள்ளேயும் கரையிலும் சீமைக்கருவேலம். அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குகிற இடங்களிலிருந்து மெல்லிய புகை. அதற்கு நடுவே சம்பந்தமே இல்லாமல் ஒரு மல்லிகைத் தோட்டம். எங்கோ ஒரு கிணற்றின் அடியில் கிடக்கிற தண்ணீரைக் கெஞ்சிக் கூத்தாடி மேலே கொண்டுவந்து இந்த ஊர்க்காரர்கள் பூ வளர்க்கிறார்கள். கொடைக்கானலில் மலையும் மேகமும் நம்மைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டும். இங்கே நாம்தான் தேடிப் பார்க்கவேண்டும். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. மனைவி கண்ணில் பட்டது வேறு.

"என்னங்க, இந்தப் பக்கம் இத்தனை கோயிலா?"

அவை கோயில் வாசல்கள் அல்ல. மனைப்பிரிவு ஆர்ச்சுகள்.

நான்குவழிச் சாலை வந்த காலத்தில் முளைத்தவை. இரண்டு பக்கமும் யானை, மேலே கலசம், நடுவே நகரின் பெயர். ஆர்ச்சுக்கு உள்ளே போனால் நகர் இருக்காது. மஞ்சளும் வெள்ளையும் அடித்த கற்கள் வரிசையாக இருக்கும். அந்த வரிசையைக் கருவேலம் பாதி விழுங்கியிருக்கும். பெயர்களில் பசுமை உண்டு, ஏரி உண்டு, பள்ளத்தாக்கு உண்டு. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ஆர்ச் நிழலில் ஆடுகளை மடக்கி உட்கார்ந்திருந்தார். அந்த நகரை அமைத்த பிறகு அதனால் பயன்பெற்ற முதல் குடும்பம் அதுவாகத்தான் இருக்கவேண்டும். மனைவி காரை நிறுத்தச் சொல்லி ஆர்ச்சைப் போட்டோ எடுத்தாள். போகப் போக அதுவே அவளுக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. மாமல்லபுரத்தில்கூட அவள் இவ்வளவு படம் எடுத்ததில்லை.

வகுப்பு ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின நாள்தான் முகூர்த்தம் முடிந்திருந்தது. மேடையில் பூ அலங்காரம் அப்படியே இருந்தது. என்னை உட்காரச் சொன்ன நாற்காலி மாப்பிள்ளைக்குப் போட்ட சிவப்பு வெல்வெட் சிம்மாசனம். பக்கத்தில் ஜோடியாக இன்னொன்று காலியாக இருந்ததால், "அம்மாவும் உக்காரட்டும்" என்று இழுத்து உட்காரவைத்துவிட்டார்கள். அறுபது கடந்த வயதில், வாடிய ரோஜாவுக்கு நடுவே, இரண்டு பேரும் ரியல் எஸ்டேட் சட்டத்தை எடுத்துச் சொல்ல அமர்ந்தோம். வந்தவர்களில் ஒருவர் பழக்க தோஷத்தில் மொய்க் கவரை நீட்டினார். உள்ளே வகுப்புக் கட்டணம் இருந்தது.

எதிரே எல்லாம் வெள்ளைச் சட்டை. பையில் இரண்டு பேனா, கையில் இரண்டு போன். போனை அணைத்துவையுங்கள் என்றேன்.

"போனை அணைச்சா அடுப்பையும் அணைக்கணும் சார்" என்றார் முன்வரிசை அண்ணாச்சி. நியாயம்தான். அன்று முழுவதும் என் வகுப்பு பலவிதமான ரிங்டோன்களுக்கு இடையே நடந்தது.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இல் வந்தது. தமிழ்நாட்டு விதிகள் 2017 ஜூனில். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேலோ, வீடுகள் எட்டுக்கு மேலோ இருந்தால் அந்தத் திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக்கூடாது. அதை விற்றுக்கொடுக்கிற ஏஜென்ட்டும் 9-வது பிரிவின்படி தன்னைப் பதிவு செய்துகொள்ளவேண்டும். மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். அது கூடிக்கூடி மனை விலையில் 5 சதவீதம் வரை போகலாம். இந்த இடத்தில் மண்டபத்தில் கால்குலேட்டர்கள் வேலை செய்தன.

"சார், நம்ம கமிஷனே ரெண்டு சதவீதம். அபராதம் அஞ்சு சதவீதம்னா சட்டம் நம்மளைவிடக் கூடக் கமிஷன் கேக்குதே!"

"பதிஞ்சிட்டா அது கேக்காது."

"எங்க தாத்தா காலத்துல இருந்து துண்டுக்கடியில விரலைப் பிடிச்சு ஆடு மாடு பேசி முடிச்ச பரம்பரை சார் நாங்க. அதுக்கு எந்த நம்பரும் இல்ல" என்றார் பின்வரிசைப் பெரியவர் ஒருவர்.

மாட்டுக்குத் தாய்ப்பத்திரம் கிடையாது, மனைக்கு உண்டு என்று விளக்கினேன். மகாராஷ்டிரத்தில் 2023 முதல் ஏஜென்ட்டுகள் பயிற்சி எடுத்துத் தேர்வு எழுதிப் பாஸாகவேண்டும் என்றும் சொல்லிவைத்தேன். கூட்டம் கவலையோடு கேட்டது. பெரியவர் யோசித்துவிட்டு, "அங்கிட்டு நாங்க எதுக்கு சார் போகப் போறோம்?" என்றார்.

2016 செப்டம்பர் 9 என்று சொன்னதும் மட்டும் போன்களே மௌனமாயின. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்ட நாள். அதிலிருந்து எழுந்திருக்கும் முன்னே நவம்பர் 8 வந்தது. 500, 1000 ரூபாய் நோட்டுகள் போயின. "அந்த வருசத்தை எங்க தொழில்ல நாங்க பேர் சொல்றதில்ல சார். 'அது' நடந்த வருசம்னுதான் சொல்வோம்" என்றார் அண்ணாச்சி. அடுத்த வருடம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தபோதுதான் பலருக்கு மூச்சே வந்தது. பத்திர ஆபீஸில் அந்தப் பக்கம் உட்கார்ந்து அதே நாட்களைப் பார்த்தவன் நான். எங்கள் வாசலில் டீக்கடைக்காரருக்கே வியாபாரம் படுத்துவிட்டது.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னே ஒரு பயிற்சி வைத்தேன். பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் போட்டு நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கவேண்டும் என்கிறது சட்டத்தின் 12-வது பிரிவு. ஏஜென்ட்டும் பொய் சொல்லக்கூடாது என்கிறது 10-வது. ஆகவே ஆளுக்கொரு மனைக்கு, உள்ளதை உள்ளபடி விளம்பரம் எழுதுங்கள் என்று தாள் கொடுத்தேன்.

மண்டபம் திகைத்துப் போனது. "உள்ளதுன்னா... எதுவரைக்கும் சார்?" என்று ஒருவர் கேட்டார்.

அவர்கள் கொண்டுவந்த பழைய நோட்டீஸ்களைப் பார்த்தால் திகைப்பு புரியும். அட்டையில் பனிமலை, ஊசியிலை மரம், நீல நிற ஏரியில் வாத்து. மனை இருப்பது பந்தல்குடிக்கு இந்தப் பக்கம். ஒரு நோட்டீஸ் 'எய்ம்ஸ் மருத்துவமனை அருகில்' என்றது. மதுரை எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டிய தோப்பூர், அருப்புக்கோட்டையிலிருந்து காக்கை நேராகப் பறந்தாலே 40 கிலோமீட்டர். இன்னொன்றில் 1977-இல் எம்.ஜி.ஆர். ஜெயித்து முதலமைச்சரான தொகுதி என்று போட்டிருந்தது. அது ஒன்றுதான் உண்மை. ஆனால் அதை வைத்து வீட்டுக்கடன் கிடைக்காது. தூரம் எதிலும் கிலோமீட்டரில் இல்லை, எல்லாம் நிமிடத்தில். ரிங் ரோட்டிலிருந்து 15 நிமிடம் என்றால் ஓட்டுகிறவர் யார், வண்டி எது என்று கேட்கக்கூடாது.

அரைமணி கழித்து வந்த தாள்களில் ஒன்றை நான் இன்னும் வைத்திருக்கிறேன். எழுதியவர் முன்வரிசை அண்ணாச்சி. அவர் அனுமதியோடு அப்படியே தருகிறேன்:

'திருச்சுழி ரோட்டிலிருந்து உள்ளே 2 கிலோமீட்டர். மழைக்கு வண்டி சிக்கும். கரிசல் மண், அஸ்திவாரம் ஆழமாய்ப் போடாவிட்டால் சுவர் வாய் பிளக்கும். போர் போட்டால் தண்ணி வரும், உப்பு. மயில் உண்டு, அதிகம். பாம்பும் உண்டு, மயில் பாத்துக்கொள்ளும். பக்கத்து வீடு இல்லை, அதனால் பக்கத்து வீட்டுச் சண்டை இல்லை. ராத்திரி நட்சத்திரம் நல்லாத் தெரியும். டி.டி.சி.பி. உண்டு, ரெரா நம்பர் உண்டு. வேறு எதுவும் சொல்லுவதற்கில்லை.'

படித்து முடித்ததும் கைதட்டல் அடங்கச் சற்று நேரமானது. என் மனைவி சிம்மாசனத்திலிருந்து எட்டிப் பார்த்து, "இது என்ன விலைங்க?" என்று கேட்டாள். பத்திர ஆபீஸ்காரன் வீட்டில் இத்தனை வருடத்தில் அவள் மனை விலை கேட்டது அப்போதுதான். பனிமலை நோட்டீஸைப் பார்த்து ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை என்று அண்ணாச்சியே ஒப்புக்கொண்டார்.

கரிசல் விஷயத்தில் அவர் எழுதியது பொறியாளர்களும் சொல்வதுதான். இந்த மண் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். மேலாகக் கடைக்கால் போட்டால் வருடா வருடம் சுவர் நெளியும். ஆடாத மண் வரைக்கும் தூண் இறக்கி, அடியில் அகலமாக்கிக் கட்டவேண்டும். செலவு கூடும். மனை விலை மலிவாக இருக்கிறதே என்று வாங்குகிறவருக்கு இதைச் சொல்லும் ஏஜென்ட் அபூர்வம்.

கூட்டத்தில் ஒரே ஒரு பெண் ஏஜென்ட். காலையிலிருந்து அவர் வாயே திறக்கவில்லை. பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் நான் நடத்தி முடித்த பிறகு எழுந்தார். "அ-பதிவேட்டைப் பத்தி நீங்க சொல்லவே இல்லையே சார்? இங்க அதைத்தான் முதல்ல பாக்கணும். இப்ப காஞ்ச பொட்டலா இருக்கும். அ-பதிவேட்டுல ஓடைன்னும் கண்மாய்னும் இருக்கும். பத்து வருசத்துக்கு ஒருதரம் மழை வந்து, 'நான்தான் இந்த எடத்துக்கு மூலப்பத்திரம்'னு நிக்கும்." அடுத்த அரைமணி வகுப்பை அவரே எடுத்தார். சர்வே எண்ணுக்கு என்ன வகைப்பாடு, புல வரைபடத்தில் வாய்க்கால் கோடு எங்கே போகிறது என்று போனிலேயே இறக்கிக் காட்டினார். நான் மாப்பிள்ளை நாற்காலியில் மாப்பிள்ளையைப் போலவே சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வகுப்பு முடிந்ததும் ஊர் சுற்றல். "அம்மாவுக்கு நல்ல எடமாக் காட்டுறோம்" என்று பைக்குகள் முன்னே போக, நாங்கள் பின்னே போனோம். அவர்கள் காட்டிய முதல் நல்ல இடம் வடக்குப் பார்த்த மனை. அடுத்ததும் அதுவே, கார்னர். வெயிலும் வடக்கு தெற்குப் பார்க்காமல் அடித்தது. திருச்சுழியில் கோயில் பார்க்கவேண்டும் என்று மனைவி கண்டிப்பாகச் சொன்ன பிறகே பைக்குகள் திசை மாறின.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி சுமார் 15 கிலோமீட்டர். திருமேனிநாதர் கோயில், அம்பாள் துணைமாலையம்மை. குண்டாறு பக்கத்திலேயே இருக்கிறது; நாங்கள் போனபோது ஆறு மணலாக இருந்தது. தல புராணம் என்னவென்றால், ஒரு பிரளய வெள்ளம் வந்து எல்லாவற்றையும் மூழ்கடிக்கப் பார்க்க, சிவபெருமான் சூலத்தால் பூமியில் துளை போட்டு அந்த வெள்ளத்தை உள்ளே இறக்கினாராம். மொத்த வட்டாரத்துத் தண்ணீரும் எங்கே போனது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்த நிலத்தடி நீர் அறிக்கையிலும் இல்லை. நான் இதை மனைவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி காதருகே வந்தார்.

"சார், கொஞ்சம் மெதுவா. வெள்ளம் வந்த ஏரியான்னு கஸ்டமர் காதுல விழுந்தா ஓடிருவான்."

கோயிலுக்குப் பக்கத்திலேயே ரமண மகரிஷி பிறந்த வீடு. 1879 டிசம்பர் 30. இன்று அதற்குச் சுந்தர மந்திரம் என்று பெயர், ரமணாசிரமத்தார் பராமரிக்கிறார்கள். சுத்தமான, அமைதியான வீடு. பைக்கில் வந்தவர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள். போன்கள் தாமாகவே அணைந்தன. காலையில் எனக்குச் செய்யாத மரியாதை.

வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்றபோது அவர்களுக்கு ஒரு செய்தி சொன்னேன். மகரிஷியின் தகப்பனார் சுந்தரமய்யர் இந்த ஊரில் மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துத் தொழிலைத் தொடங்கி, பட்டம் இல்லாமலே வழக்காட அனுமதி வாங்கியவர். நம் தொழிலுக்குப் பங்காளி முறை. மகன் 1896-இல் வீட்டை விட்டு அருணாசலம் போய், கோவணத்தைத் தவிர எதையும் தனது என்று சொல்லாமல் வாழ்ந்தவர். ஆனால் ஆசிரமம் வளர்ந்து, அதற்கு உரிமை கொண்டாடி வழக்கு வந்தபோது, 1938-இல் அவர் பெயரிலும் ஓர் உயில் எழுதவேண்டி வந்தது. கையெழுத்துப் போடும் வழக்கம் அவருக்கில்லை. ஒரு கோடு மட்டும் இழுத்தார்.

"கோட்டை ஏத்துக்கிட்டாங்களா சார்?" அண்ணாச்சிக்கு அதுதான் முக்கியம்.

"ஏத்துக்கிட்டாங்க."

"சாமியாருக்கே பத்திரம் வேண்டியிருக்கு. நம்ம ஆளுக வெள்ளைத்தாள்ல டோக்கன் அட்வான்ஸ் எழுதுறான்."

காலையில் நான் தொண்டை வரளச் சொன்ன 13-வது பிரிவு, அதாவது விற்பனை ஒப்பந்தத்தைப் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்பது, அந்த வேப்பமரத்தடியில்தான் எல்லோருக்கும் விளங்கியது என்று நினைக்கிறேன். மண்டபத்துக்குக் கொடுத்த வாடகை வீண்.

திரும்பும்போது பேச்சு கமுதிப் பக்கம் போனது. பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. சுமார் 2,500 ஏக்கர். அன்று ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகிலேயே பெரியது. தாத்தா காலத்திலிருந்து தண்ணியில்லை, விளையாது என்று தள்ளிவிட்ட நிலத்தைத் துண்டு துண்டாகக் கோத்து இவ்வளவு ஏக்கராக்க எத்தனை தரகர்கள், எத்தனை வாரிசுச் சான்றுகள், எத்தனை அண்ணன் தம்பிச் சண்டைகள்! பத்திர ஆபீஸ்காரனுக்கு அந்த மின்சாரத்தைவிட அந்த ஆவணக் கட்டுகள்தான் கண்ணைக் கூசவைக்கும். பின்வரிசைப் பெரியவர் பெருமூச்சு விட்டார். "இத்தனை காலமும் வெயிலை இலவசமாக் கொடுத்துட்டோம் சார். அதுக்கு வெல இருக்குன்னு எவனும் சொல்லலயே."

மாலை ஐந்தரைக்கு வெயில் இறங்கியது. கருவேலங்காட்டுக்கு மேலே வானம் செம்மண் நிறமாகி, பனைகள் மட்டும் கறுப்பாக நின்றன. மயில் அகவியது. பெண் ஏஜென்ட் என் மனைவியிடம் தொழில் ரகசியம் சொல்லிக்கொண்டிருந்தார். "கஸ்டமரைக் கார்த்திகையிலதான் கூட்டிட்டு வரணும்க்கா. மழை பேஞ்சு மல்லியும் கம்பும் பச்சைப்பசேல்னு நிக்கும். அப்ப இல்லைன்னா, இந்தா, இந்த நேரத்துல. காத்து வரும், மண்ணு நெறமா இருக்கும். அட்வான்ஸ் கை தானா நீளும்." மனைவி என்னைப் பார்த்தாள். அவள் கை ஏற்கெனவே கைப்பையில் இருந்தது. காரைக் கிளப்பிவிட்டேன்.

ஆகவே, வாசகர்களே, இந்தப் பக்கம் ஊர் பார்க்க வருகிறவர்கள் கார்த்திகை, மார்கழியில் வாருங்கள், சாயங்காலமாகப் பாருங்கள். மனை வாங்க வருகிறவர்கள் சித்திரையில், உச்சி வெயிலில், கையில் அ-பதிவேட்டு நகலோடு வாருங்கள். தயவுசெய்து இரண்டையும் ஒரே பயணத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.